வாசகர் கேள்வி: ஸ்பெஷல் பிராஞ்ச் வீடு தேடி வந்தால் என்ன செய்வது?

பினாங்கின் பெருநிலப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். நாற்பதுகளில் இருக்கும் அவர் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். கணவர் அரசாங்க ஊழியர். பழைய தோட்ட நிலத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்ததிலிருந்து, அவர்களுக்காக அமைந்த செயற்குழுவின் தலைமைப் பொறுப்பு இவர் கைக்கு வந்திருக்கிறது. மகஜர் கொடுத்தார்கள், செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். சில நாள் கழித்து, இவர் வெளியே போயிருந்த நேரத்தில், சாதாரண உடையில் இருவர் வந்து தாங்கள் போலீசின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்ச் என்று சொல்லிக்கொண்டு, மகள் எங்கெங்கே போகிறார், வீட்டுக்கு யார் வருகிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று இவருடைய தாயாரிடம் விசாரித்திருக்கிறார்கள். மறுநாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "சும்மா பேசத்தான், ஸ்டேஷன் பக்கம் வந்துவிட்டுப் போங்கள்" என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து கைப்பேசியில் ஏதோ 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதாம். புலன (வாட்ஸ்அப்) குழுவில் அண்மையில் சேர்ந்த ஒருவர் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறார் என்றும், அவர்தான் தகவல் கொடுப்பவர் என்று பலரும் நம்புவதால் குழுவிலேயே பெயர் சொல்லி வெளியேற்றிவிடலாமா என்றும் வாசகி கேட்கிறார். "தப்பு செய்யாதவனுக்கு எதற்குப் பயம்" என்கிறார் அண்ணன். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசாவின் காலத்தை மறக்காத தாயார், எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறார். கல்லூரியில் படிக்கும் 19 வயது மகனோ, மார்ட்டின் லூதர் கிங்கையே எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டது, நாம் எம்மாத்திரம் என்கிறான். அடுத்த மாதம் கோயில் வாசலில் மெழுகுவத்தி ஏற்றி ஒரு கூட்டம் நடத்தவும் ஏற்பாடு நடக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகத்தான் வேண்டுமா, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒட்டுக்கேட்க முடியாது என்பது சரிதானே, தம் பெயரில் கோப்பு இருந்தால் அதைப் பார்க்க முடியுமா, விலகிவிடுவது நல்லதா: இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, "என்னை உண்மையிலேயே கண்காணிக்கிறார்களா?" என்பது. வந்தவர்கள் உண்மையான அதிகாரிகள் என்றால், உங்கள் மீது ஒருவித கவனம் இருக்கிறது. அது எவ்வளவு ஆழமானது என்பதை நீங்களும் அறிய முடியாது, உங்கள் வழக்கறிஞரும் அறிய முடியாது. விடை கிடைக்காத அந்தக் கேள்வியோடு இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, விடை கிடைக்கக்கூடிய இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்: கண்காணிக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டால், அவர்கள் கையில் சிக்கி யாருக்காவது கேடு விளைவிக்கக்கூடியது எது? மகஜர், அறிக்கை, கூட்டத் தேதி ஆகியவை ஏற்கெனவே வெளியே தெரிந்தவை. அவற்றைப் பற்றி யார் குறிப்பெழுதினாலும் உங்களுக்கு நட்டமில்லை. உங்களை நம்பி அந்தக் குடும்பங்கள் சொன்ன கடன், நோய், ஆவணச் சிக்கல், வீட்டுச் சண்டை ஆகியவற்றைத்தான் காக்க வேண்டும்.

உங்கள் தாயாரின் பயத்தை வயதின் பயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948-ஆம் ஆண்டில் உருவான ஸ்பெஷல் பிராஞ்ச், தொழிற்சங்கம், கட்சி, இயக்கம் எதையும் கவனிக்காமல் விட்டதில்லை. 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் கைதுகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டபோது, அரசியல்வாதிகளோடு சமூகப் பணியாளர்களும் இருந்தார்கள். பினாங்கில் பயனீட்டாளர் உரிமைக்காகவும் சுற்றுச்சூழலுக்காகவும் வழக்காடிய மீனாட்சி ராமன் அவர்களில் ஒருவர். 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிக் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டதும், அவர்களில் மனோகரன் உள்ளே இருந்தபடியே 2008 தேர்தலில் கோத்தா ஆலாம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றதும் உங்கள் தாயாருக்கு நிச்சயம் நினைவிருக்கும்.

ஆனால் அவர் நினைக்கும் அந்தச் சட்டம் இன்று இல்லை. இசா 2012-இல் நீக்கப்பட்டு, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டமான சொஸ்மா வந்தது. இதன்கீழ் போலீஸ் ஒருவரை 28 நாள் வரை தடுத்து வைக்கலாம், அதன் பிறகு குற்றஞ்சாட்ட வேண்டும் அல்லது விட வேண்டும். அரசியல் நம்பிக்கைக்காகவோ அரசியல் நடவடிக்கைக்காகவோ மட்டும் யாரையும் பிடிக்கக் கூடாது என்று அதன் 4-வது பிரிவே சொல்கிறது. அப்படி எழுதியிருந்தும் 2016 நவம்பரில் தூய்மையான தேர்தலுக்கான பெர்சே இயக்கத்தின் தலைவர் மரியா சின் அப்துல்லா அதன்கீழ் 10 நாள் தடுத்து வைக்கப்பட்டார் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டு வெளியேற்றத்தை எதிர்த்து மகஜர் கொடுப்பது சொஸ்மாவின் எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. தாயாரிடம் அதைப் பொறுமையாக விளக்குங்கள்.

கிங் பற்றி உங்கள் மகன் சொன்னதும், அண்ணன் சொன்னதும்

மகன் சொன்ன செய்தி சரி. அதிலிருந்து அவன் எடுக்கும் முடிவுதான் சரியில்லை. 1963 அக்டோபரில் அன்றைய அமெரிக்கத் தலைமைச் சட்ட அதிகாரி ராபர்ட் கென்னடியின் ஒப்புதலோடு கிங்கின் வீட்டுத் தொலைபேசியும் அவருடைய இயக்க அலுவலகத் தொலைபேசிகளும் ஒட்டுக்கேட்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவர் தங்கிய ஓட்டல் அறைகளில் ஒலிவாங்கிகள் மறைத்து வைக்கப்பட்டன. அவருக்கு நெருக்கமானவர்களிடையே கம்யூனிஸ்டுத் தொடர்பு இருப்பதாகச் சொல்லித்தான் இதைத் தொடங்கினார்கள். இயக்கத்தைக் கம்யூனிஸ்டுகள் ஆட்டிவைக்கிறார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் ஒட்டுக்கேட்பது நிற்கவில்லை, அவருடைய அந்தரங்க வாழ்க்கையின் பக்கம் திரும்பியது. 1964 நவம்பரில், ஒலிப்பதிவு நாடாவோடு, உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டுவதாக அவர் எடுத்துக்கொண்ட ஒரு பெயரில்லாக் கடிதம் அனுப்பப்பட்டது. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1975-76-இல் விசாரித்து இவற்றையெல்லாம் ஆவணமாக்கியது.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். தப்பு செய்தாரா என்று பார்க்கத் தொடங்கியவர்கள், தப்பு கிடைக்காதபோது தலைகுனிய வைக்க என்ன கிடைக்கும் என்று தேடினார்கள். எனவே ஒளிக்க ஏதுமில்லாதவருக்கும் காத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. மகனுக்குச் சொல்ல வேண்டியது வேறு: அவ்வளவு நடந்தும் 1964-இல் குடிமை உரிமைச் சட்டமும் 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. அந்த இயக்கம் பேரணிக்கு நாளும் இடமும் குறித்து ஊரறியச் செய்ததால், அதன் முக்கியமான வேலையை ஒட்டுக்கேட்டுத் தடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த இருவர், தொலைபேசியில் வந்த அழைப்பு

வந்தவர்கள் அடையாளம் எதையும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் போலீஸ்தான் என்பது இன்னும் உறுதியாகவில்லை. போலீஸ் என்று பொய் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்ட நாடு இது. அவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். சீருடையில்லாமல் வரும் அதிகாரியிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீல அட்டை என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் என்றால் அதற்குக் கீழ், வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ், சிவப்பு என்றால் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பெயரையும் எண்ணையும் வாகனப் பதிவு எண்ணையும் எழுதி வைக்கத் தாயாருக்குச் சொல்லிக்கொடுங்கள்; "மகள் வந்ததும் பேசச் சொல்கிறேன்" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருவர் யார் என்று தெரியாததால், நடந்ததைக் குறிப்பிட்டுப் போலீசில் ஒரு புகார் செய்து வைப்பது நல்லது. அவர்கள் மோசடிக்காரர்களாக இருந்தால் அது உங்களைக் காக்கும்; அதிகாரிகளாக இருந்தால், வந்து போனதற்கு ஒரு பதிவு இருக்கும்.

"சும்மா பேச" என்ற அழைப்புக்குப் போகச் சட்டப்படி கட்டாயமில்லை. விசாரணை ஒன்றில் சாட்சியாக உங்களை அழைக்க வேண்டுமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 111-வது பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தர வேண்டும். தந்தால் போகத்தான் வேண்டும். எனவே கோபமில்லாமல், "எழுத்து உத்தரவு அனுப்புங்கள், என் வழக்கறிஞரோடு வருகிறேன்" என்று பதில் சொல்லுங்கள். வழக்கறிஞரோடு போனால் குற்றவாளி என்று நினைப்பார்களே என்ற உங்கள் தயக்கம் தேவையற்றது. போலீஸ் அதிகாரிகளுக்கு அது அன்றாடக் காட்சி. அங்கே 112-வது பிரிவின்கீழ் வாக்குமூலம் வாங்கினால், உங்களைக் குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். எழுதியதை, நீங்கள் பேசிய மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும், திருத்த வாய்ப்பளிக்க வேண்டும். அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் சொல்ல மறுப்பது வேறு, பொய் சொல்வது வேறு. பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

கைதாகும் நிலை வந்தால், காரணத்தைச் சொல்லும்படி கேட்கவும், உறவினர் ஒருவரையும் வழக்கறிஞரையும் தொடர்பு கொள்ளவும் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இயங்குகிறது. அதன் எண்ணை இன்றே வீட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள், கைப்பேசியைப் பறிகொடுத்த பிறகு அதில் சேமித்த எண் உதவாது.

கைப்பேசி

நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று நீங்கள் நம்பியிருப்பது தவறு. நம் நாட்டில் ஒட்டுக்கேட்க அனுமதி தருபவர் நீதிபதி அல்லர். அரசுத் தரப்பு வழக்குரைஞர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116சி பிரிவும், 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 252-வது பிரிவும், சொஸ்மாவின் 6-வது பிரிவும் அந்த அதிகாரத்தை அவரிடமே தருகின்றன. பாதுகாப்புக் குற்றங்களில் மிக அவசரமான நிலை என்றால் சூப்ரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி முன் அனுமதியின்றியும் செய்யலாம். சட்டப்படியான அனுமதி இல்லாமல் ஒட்டுக்கேட்பது குற்றம் என்பது உண்மை. ஆனால் அந்த அனுமதியை ஒரு நீதிபதி எடைபோட்டுப் பார்ப்பதில்லை. இது மாற வேண்டும் என்பது என் கருத்து. மாறும்வரை இதுதான் சட்டம்.

'டிக்' சத்தத்தை மறந்துவிடுங்கள். இன்றைய ஒட்டுக்கேட்பு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பக்கத்திலேயே நடக்கும், உங்கள் காதுக்கு எதுவும் எட்டாது. சத்தம் கேட்டால் பெரும்பாலும் இணைப்புதான் மோசம். கைப்பேசிக்குள்ளேயே நுழையும் உளவு மென்பொருள் கற்பனையல்ல: 2015-இல் இத்தாலியின் ஹேக்கிங் டீம் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தபோது வாடிக்கையாளர் பட்டியலில் மலேசிய அரசு அமைப்புகளும் இருந்தன. ஆனால் அவை விலை மிகுந்தவை. ஒரு வீட்டுப் பிரச்சினைக் குழுவைத் தேடி வரும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு நடக்கக்கூடியது இரண்டு: யாரோ ஒருவர் குழுச் செய்தியைப் படமெடுத்து வெளியே கொடுப்பது, அல்லது விசாரணை என்று சொல்லிக் கைப்பேசியைப் பறிமுதல் செய்வது. இரண்டிலும் புலனத்தின் மறைகுறியாக்கம் உதவாது. சோதனை நடத்தும் அதிகாரிக்குக் கடவுச்சொல்லைத் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி பிரிவு சொல்கிறது.

ஆகவே குடும்பங்களின் தனிப்பட்ட விவரங்கள் பெரிய குழுவில் வரவே கூடாது. அவை நேரில் பேசி, ஒரு கோப்பில், ஒருவர் பொறுப்பில், முடிந்தால் வழக்கறிஞரின் அலுவலகத்திலேயே இருக்கட்டும். வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொடர்புக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. புலனத்தின் அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பக்கத்தைத் திறந்து, தெரியாத கணினி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய செய்திகளைக் குறிப்பிட்ட காலத்தில் அழிப்பதை வழக்கமாக்குவதில் தவறில்லை. ஆனால் விசாரணை தொடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு எதையும் அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்ததாகக் குற்றஞ்சாட்டப்படலாம்.

குழுவில் அந்த ஒருவர்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இது. அவரைப் பற்றி நீங்கள் சொல்லும் சான்றுகளை மீண்டும் படித்தேன்: நிறையக் கேட்கிறார், இரவில் செய்தி அனுப்புகிறார், எங்கே வேலை செய்கிறார் என்று தெளிவாகச் சொல்வதில்லை. வேலையில்லாத, வெட்கப்படுகிற, உதவ ஆசைப்படுகிற ஒருவரும் இப்படித்தான் நடந்துகொள்வார். நீங்கள் பெயர் சொல்லி வெளியேற்றி, பிறகு தவறென்று தெரிந்தால், அந்தப் பழி அவரை விட்டுப் போகாது. அவதூறு வழக்குக்கும் இடமுண்டு. மீதமுள்ளவர்களும் அடுத்து யாரோ என்று ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்குவார்கள்.

இந்தச் சந்தேகத்தைத் திட்டமிட்டே விதைத்த வரலாறு உண்டு. 1971 மார்ச்சில் பென்சில்வேனியாவின் மீடியா நகரிலிருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் புகுந்து சிலர் எடுத்துச் சென்ற ஆவணங்களில், போராட்டக்காரர்களை அடிக்கடி விசாரிக்கும்படியும், அதனால் ஒவ்வொரு தபால் பெட்டிக்குப் பின்னாலும் உளவாளி நிற்கிறார் என்ற மனப்பிரமை அவர்களிடையே வளரும் என்றும் ஒரு குறிப்பு இருந்தது. உளவாளியே அல்லாதவரை உளவாளி என்று தோன்றச் செய்து, அவருடைய தோழர்களைக் கொண்டே விரட்ட வைத்ததையும் சர்ச் குழு பதிவு செய்தது. உண்மையான தகவலாளர்களோ பெரும்பாலும் யாரும் சந்தேகிக்காதவர்கள்: கிங்கின் பேரணிகளைப் படமெடுத்து எல்லாருக்கும் நண்பராக இருந்த மெம்ஃபிஸ் புகைப்படக் கலைஞர் எர்னஸ்ட் விதர்ஸ் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தந்தவர் என்பது அவர் இறந்த பிறகு, 2010-இல்தான் தெரியவந்தது. மூக்கால் மோப்பம் பிடித்து உளவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதில், யார் எதை அறிய வேண்டும் என்பதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வகுத்துவிடுங்கள். பெரிய குழுவில் அறிவிப்பு மட்டும். பணக் கணக்கு இரண்டு பேர் கையில், மாதம் ஒருமுறை எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்பட வேண்டும். "பணம் எங்கிருந்து" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் நல்ல பதில். அந்தப் புதியவருக்கு நாற்காலி அடுக்கும் வேலையோ துண்டறிக்கை அச்சடிக்கும் வேலையோ கொடுங்கள். ஒருவர் மட்டும் உங்களிடம் கவனிக்கத்தக்கவர்: சட்டத்தை மீறும்படி, கல்லெறியும்படி, எதையாவது கொளுத்தும்படி தூண்டுபவர். அவர் உளவாளியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பேச்சு குழுவின் விதிக்கு முரணானது என்று சொல்லி அதைக் குறிப்பேட்டில் பதியுங்கள்.

கோப்பைப் பார்க்கும் உரிமை, வழக்குத் தொடுக்கும் உரிமை

கோப்பை வாங்கிப் பார்க்க இன்றைய சட்டத்தில் வழியில்லை. பினாங்கில் 2010 தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது; ஆனால் அது மாநில அரசின் துறைகளுக்கானது, போலீஸ் மத்திய அரசின்கீழ் வருகிறது. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது என்றும் எண்ண வேண்டாம். 2010-இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசியலமைப்பின் 5-வது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்றது. பாதிரியார் ரேமண்ட் கோ, பெர்லிசின் சமூகப் பணியாளர் அம்ரி சே மாட் ஆகியோர் காணாமற்போனதில் ஸ்பெஷல் பிராஞ்சுக்குப் பொறுப்புண்டு என்று 2019 ஏப்ரலில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் கூறியது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அரசையும் போலீசையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரேமண்ட் கோ கடத்தப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்திருந்தது. குடும்பத்தினர் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுக் குறிப்பேடும் அப்படித்தான் பயன்படும். அத்துமீறல் நடந்தால் சுஹாகாமிலும், 2023 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்திலும் புகார் செய்யலாம்.

மெழுகுவத்திக் கூட்டம்

இதில்தான் உடனடியாகத் திருத்த வேண்டியவை இருக்கின்றன. 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தின் தடைசெய்யப்பட்ட இடங்களின் பட்டியலில் வழிபாட்டுத் தலங்களும் பள்ளிகளும் வருகின்றன. அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி நடத்தக் கூடாது. சமயக் கூட்டங்களுக்கு விலக்கு உண்டு, வெளியேற்ற நோட்டீசை எதிர்க்கும் கூட்டம் அந்த விலக்கில் வராது. கோயில் வாசல் பாதுகாப்பு என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், இடத்தை மாற்றுங்கள். துண்டறிக்கையில் ஏற்பாட்டாளர் என்று மகனின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். 21 வயது நிறையாதவர் பேரணியை ஏற்பாடு செய்ய முடியாது. 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மெழுகுவத்தியோடு முன்வரிசையில் நிறுத்துவதையும் கைவிடுங்கள், அதுவும் சட்டம் தடுப்பது. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுங்கள். அறிவிக்காததைக் குற்றமாக்கிய 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மைதான். இருந்தும் அறிவிப்புக் கொடுத்த குழுவைக் கலைப்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

விலகுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. 1993 பொதுப்பணி ஒழுங்கு விதிகள் உங்கள் கணவரின் நடத்தையைக் கட்டுப்படுத்துகின்றன. உங்கள் மகஜருக்காக அவர்மீது நடவடிக்கை எடுக்க அவற்றில் இடமில்லை. ஆனாலும் அவர் குழுவின் ஆவணங்களில் கையெழுத்திடுவதையும் குழுவுக்காக ஊடகங்களில் பேசுவதையும் தவிர்க்கட்டும், அவருடைய அலுவலகக் கணினியில் உங்கள் கடிதங்களைத் தட்டச்சு செய்யவும் வேண்டாம். தொடர்வதானால் தலைமைப் பொறுப்பை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். ஒருவரை மட்டும் பயமுறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலையில் அந்தக் குடும்பங்களின் வழக்கு இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிடக் கூடாது. உங்கள் கடிதத்தோடு, கேட்காமலே, சில குடும்பங்களின் அடையாள அட்டைப் படங்களையும் நோட்டீஸ்களையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அவற்றை நான் அழித்துவிட்டேன். உங்கள் கைப்பேசியின் 'அனுப்பியவை' பகுதியில் இருப்பதை என்ன செய்வது என்று, விசாரணை எதுவும் தொடங்கியிருக்கிறதா என்பதைச் சரிபார்த்துக்கொண்டு, சட்ட உதவி மையத்தில் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.